காரணம் சொன்னால் பயம் போச்சு: ஸ்லாஷர் சீக்வல்கள் எங்கே கெடுகின்றன?

கோத்தகிரிக் கரடி

மழை விட்டபாடில்லை. ஹாலோவீன் பட வரிசையை முதல் பாகத்திலிருந்து மறுபடி ஓட்டி முடித்தேன். மனதில் பட்டதை நேராகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கல்லெறிபவர்கள் எறியலாம். ஸ்லாஷர் படங்களின், அதாவது கொலைகாரன் ஒருவன் கத்தியோடு வந்து ஆட்களை வரிசையாகக் கொல்கிற படங்களின், அடுத்தடுத்த பாகங்கள் கெட்டுப்போவதற்கு ரத்தம் கூடிப்போனதோ நடிப்பு குறைந்துபோனதோ காரணம் இல்லை. கொலைகாரனுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கேயே படம் படுத்துவிடுகிறது.

1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த முதல் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்கேல் மையர்ஸ் ஆறு வயதில் அக்காவைக் கத்தியால் குத்துகிறான். பதினைந்து வருடம் மருத்துவமனையில் வாயே திறக்காமல் இருந்துவிட்டுத் தப்பி வருகிறான். லாரி என்ற பள்ளிக்கூடப் பெண்ணை ஏன் துரத்துகிறான்? அவள் அப்பா சொன்னாரென்று மைக்கேலின் பழைய, பாழடைந்த வீட்டு வாசலில் ஒரு சாவியை வைக்கப் போகிறாள். அவன் உள்ளே நின்று பார்க்கிறான். அவ்வளவுதான் விஷயம். வேறு யாராவது சாவி வைக்கப் போயிருந்தால் வேறு யாரோ மாட்டியிருப்பார்கள்.

கடைசிப் பகுதியில் ஒரு ஷாட் இருக்கிறது. லாரி அழுதுகொண்டே ஒரு கதவோரம் சாய்ந்து நிற்கிறாள். பக்கத்து அறை கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் மெல்ல மெல்ல வெள்ளையாக ஏதோ தெரிகிறது, பார்த்தால் அந்த முகமூடி. அவன் நடந்து வரவில்லை, பாய்ந்து வரவில்லை, முன்பே அங்கே நின்றிருக்கிறான். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி விளக்கின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எடுத்தது. ஸ்டார் ட்ரெக் கேப்டன் கிர்க்கின் மலிவு ரப்பர் முகமூடியை வாங்கி வெள்ளைப் பெயின்ட் அடித்ததுதான் அந்த முகம். இரண்டு டாலர்கூட ஆகவில்லை. படத்தின் மொத்தச் செலவே சுமார் மூன்று லட்சம் டாலர்தான்.

இப்போது 1981-க்கு வாருங்கள். இரண்டாம் பாகத்தில் லாரி அவனுடைய தங்கை என்கிறார்கள். அதை எழுதியதும் கார்பென்டரேதான், என்ன எழுதுவதென்று தெரியாமல் பீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தபோது வந்த யோசனை என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். நான்காம் பாகத்தில் தங்கையின் மகள். ஆறாம் பாகத்தில் (1995) பழங்காலத்து சாபம், ஒரு ரகசியக் கூட்டம், கையில் குத்திய பச்சை. ராப் ஸோம்பி 2007-ல் குழந்தைப் பருவக் கஷ்டம் முழுவதையும் காட்டினார். ஒவ்வொரு விளக்கத்துக்கும் அவன் ஒரு படி சின்னவனாகிக்கொண்டே போகிறான். தங்கையைத் தேடி வருகிற அண்ணன் என்றால் அது குடும்பத் தகராறு. எனக்கு என்ன பயம்? நான் அவன் தங்கை இல்லையே.

வட்டக்கானல் வாசி

கரடி அண்ணா, ஹாலோவீனுக்கு நீங்கள் சொல்வது சரி. அதை எல்லா ஸ்லாஷருக்கும் அளவுகோலாக வைக்காதீர்கள். ஃப்ரைடே த தர்டீன்த் வரிசையில் ஆரம்பத்திலிருந்தே காரணம் இருக்கிறது. முதல் படத்தில் (1980) கொல்வது அந்த வரிசையின் கொலைகாரன் என்று பேர் வாங்கிய ஜேசனே இல்லை, அவனுடைய அம்மா. மகன் ஏரியில் மூழ்கும்போது கேம்ப்பில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பார்க்கவில்லை, அதனால் பழி வாங்குகிறாள். பின்னணியில் 'கி கி கி, மா மா மா' என்று ஒரு மூச்சு ஓசை வருமே, 'கொல்லும்மா' என்று பிள்ளை அம்மாவிடம் சொல்வதன் துண்டு அது. இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி மைக்கில் தானே சொல்லிப் பதிவு செய்தது. காரணத்தைப் பின்னணி இசையிலேயே வைத்துத் தைத்துவிட்டார்கள், இருந்தும் பயம் போகவில்லையே?

இன்னொன்று, அந்த வரிசை தன்னைப் பெரிய கலை என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. இரண்டாம் பாகத்தில் ஜேசன் தலையில் சாக்குத் துணி. மூன்றாம் பாகத்தில்தான் (1982) ஹாக்கி முகமூடி. நான்காவதற்கு 'கடைசி அத்தியாயம்' என்று பெயர் வைத்து, அடுத்த வருடமே ஐந்தாவதை விட்டார்கள். ஆறாவதில் (1986) மின்னல் அடித்துப் பிணம் எழுந்து உட்காருகிறது, உடனே ஜேம்ஸ் பாண்ட் மாதிரி துப்பாக்கிக் குழாய் வட்டத்துக்குள் ஜேசன் நடந்து வந்து கத்தியை வீசுகிறான். என்னைக் கேட்டால் மொத்த வரிசையிலும் அதுதான் டாப்பு.

சின்ன ஹோம்ஸ்டே ஒன்று நடத்துகிறேன். சீசனில் வருகிற பையன்கள் ராத்திரி பேய்ப்படம் போடச் சொல்வார்கள். சாபம், ரகசியக் கூட்டம் என்றால் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஜேசன் படம் போட்டால் எல்லோரும் ஒரே போர்வைக்குள். அப்புறம் வெளியே இருக்கிற பாத்ரூமுக்குத் தனியாகப் போக ஆள் கிடையாது. இத்தனைக்கும் வாசலில் நிஜமாகவே காட்டுமாடு நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்து செல்ஃபி எடுப்பார்கள். பயப்பட வேண்டியதற்குப் பயப்பட மாட்டேன் என்கிறார்கள்.

பூம்பாறைப் பூண்டு

ஜேசன் நியூயார்க்குக்குப் போவதாகச் சொன்ன எட்டாம் பாகத்தை (1989) யாரும் மறந்துவிட வேண்டாம். டைட்டிலில் மன்ஹாட்டன். படத்தில் பெரும்பாலும் கப்பல். கடைசியில் வருகிற நியூயார்க்கிலும் பாதிக்கு மேல் கனடாவின் வான்கூவர்.

நம்ம பக்கம் வந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. இ-பாஸ் எடுத்தாயா என்று கேட்டுச் செக்போஸ்ட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். ஊட்டிப் பக்கம் போயிருந்தால் இன்னும் மோசம், பர்லியாரில் முகமூடியைப் பிளாஸ்டிக் என்று பிடுங்கி வைத்துக்கொண்டு அபராதம் போட்டிருப்பார்கள்.

குன்னூர் பாசஞ்சர்

சிரிச்சு முடிச்சாச்சா? சரி. கரடி சொல்கிற 'காரணம் இல்லாத கொலைகாரன்' அமெரிக்கக்காரனின் சரக்கு. நம்மிடம் அது செல்லாது, செல்லவும் வேண்டாம் என்பது என் கட்சி.

அதே 1978-ல்தான் பாரதிராஜாவின் சிகப்பு ரோஜாக்கள் வந்தது. கமல் பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கிறார், மேலே ரோஜாச் செடி. இங்கே ஃப்ளாஷ்பேக் இருக்கிறது, சின்னப் பையனாக இருந்தபோது என்ன நடந்தது, யார் வளர்த்தார்கள், எல்லாம். 1980-ல் மூடுபனி. பிரதாப் போத்தனுக்கும் ஃப்ளாஷ்பேக் உண்டு. கொலைகாரனை விடுங்கள், பேய்க்கே நாம் ஃப்ளாஷ்பேக் இல்லாமல் டிக்கெட் கொடுப்பதில்லை. காஞ்சனாவில் (2011) சரத்குமார் வருகிற அந்தப் பகுதிதான் படமே. அதை வெட்டிவிட்டால் மிச்சம் லாரன்ஸ் அம்மா இடுப்பில் ஏறி உட்காருவதுதான்.

இது சினிமாக்காரர்கள் கண்டுபிடித்ததும் இல்லை. பழையனூர் நீலி கதையைப் பாருங்கள், மதுரை வீரன் கதையைப் பாருங்கள், காத்தவராயனைப் பாருங்கள். அநியாயமாகச் செத்தவர்கள்தான் திரும்பி வருகிறார்கள், கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள், பிறகு பீடம் வைத்துக் கும்பிடுகிறோம். நம் பேய் வழக்குப் போட வருகிறது. வாதி, பிரதி, சாட்சி, தீர்ப்பு எல்லாம் உண்டு. அப்படிக் கேட்டு வளர்ந்த ஆளுக்கு, சும்மா வந்து குத்திவிட்டுப் போகிறவன் பயத்தை விட எரிச்சலைத்தான் தருவான். 'ஏன்டா?' என்று கேட்டால் பதில் இல்லை என்பது எப்படி ஒரு கதை ஆகும்?

மஞ்சூர் மழை

பாசஞ்சர் அண்ணா, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் இரண்டு தனித்தனி விஷயத்தை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள்.

காஞ்சனாவில் ஃப்ளாஷ்பேக் யாருக்கு? செத்தவளுக்கு. ஒரு திருநங்கை, ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டவள். நீலிக்கும் அப்படித்தான், கொல்லப்பட்டவள் பேசுகிறாள். சிகப்பு ரோஜாக்களிலும் மூடுபனியிலும் ஃப்ளாஷ்பேக் யாருக்கு? கொன்றவனுக்கு. தோட்டத்தில் புதைந்த பெண்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது? அவர்களுக்கு அப்பா அம்மா உண்டா, என்ன வேலை பார்த்தார்கள்? தெரியாது. அவனுக்கு மட்டும் சின்ன வயது, கண்ணீர், வளர்ப்பு எல்லாம் உண்டு. பொம்பளைகள் கெட்டவர்களாக இருந்ததால் இவன் இப்படி ஆனான் என்று முடித்துவிடுகிறார்கள். படமாக்கிய விதத்தில் இரண்டுமே பிரமாதம், எனக்கு மறுப்பில்லை. அந்த ஃப்ளாஷ்பேக்தான் நெருடுகிறது.

இந்த இடத்தில் கரடியின் 1978 படம் எவ்வளவோ மேல். முதல் முக்கால் மணி நேரம் மூன்று பெண்கள் பள்ளிக்கூடம் விட்டு நடந்து போகிறார்கள், சிகரெட் பிடிக்கிறார்கள், பையன்களைப் பற்றி வம்பு பேசுகிறார்கள், புத்தகத்தை மறந்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பெண்களின் பேச்சு பெரும்பாலும் இணைக் கதாசிரியர் டெப்ரா ஹில் எழுதியது. அதனால்தான் அவர்களில் ஒருத்தியான ஆனி செத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பின்னால் வந்த சீக்வல்களில் பெண்கள் வெட்டுவதற்கென்றே வரிசையில் நிற்கிறார்கள். உறவு வைத்துக்கொண்டால் சாவாள், ஒழுக்கமாக இருந்தால் பிழைப்பாள் என்று ஒரு பாட்டிக் கணக்கு வேறு. நீங்கள் காரணம், காரணம் என்கிறீர்கள். எனக்கு சீக்வல் கெடுகிற இடம், செத்தவர்களுக்குப் பெயர் இல்லாமல் போகிற இடம்.

கோத்தகிரிக் கரடி

மஞ்சூர் சொன்னதைப் படித்துவிட்டு டீ ஆறும்வரை யோசித்தேன். அதோடு பாசஞ்சர் சொன்னதையும் சேர்த்தால் வேறு ஒன்று பிடிபடுகிறது.

நம் பேய்க்கு வழக்கு இருக்கிறது என்றால், தீர்ப்பு வந்ததும் பேய்க்கு வேலை முடிந்தது. அதே பேயை வைத்து இரண்டாம் பாகம் எடுக்க முடியாது. அதனால் நம் ஊரில் சீக்வல் என்றால் பேய் மாறும், பேய் பிடிக்கிற ஆள் மாற மாட்டார். முனி (2007), காஞ்சனா, காஞ்சனா 2 (2015), காஞ்சனா 3 (2019), எல்லாவற்றிலும் லாரன்ஸ்தான் பயந்து நடுங்குகிறார், ஒவ்வொரு தடவையும் புதுசாக ஒருவர் உள்ளே ஏறுகிறார். அரண்மனை நாலு பாகம் வந்தாயிற்று. சுந்தர்.சி அப்படியே இருக்கிறார், பேய் மட்டும் மாறுகிறது, அரண்மனைகூட மாறுகிறது.

அமெரிக்காவில் இது தலைகீழ். கொலைகாரன் நிரந்தர வேலையில் இருக்கிறான், செத்துப்போகிறவர்கள் தினக்கூலி. மஞ்சூர் கேட்ட பெயர் இல்லாத பெண்கள் அங்கே வருவதற்கு இதுதான் வழி. ஒவ்வொரு பாகத்துக்கும் புது ஆள் எடுக்க வேண்டும், அவர்களை அறிமுகப்படுத்த நேரம் கிடையாது. முதல் படத்தில் முக்கால் மணி நேரம் கிடைத்தது என்றால் ஐந்தாம் பாகத்தில் முக்கால் நிமிடம்.

ஆனாலும் பாசஞ்சர் அண்ணா, பதில் இல்லாத 'ஏன்டா' கதை ஆகாது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருடம் எங்கள் பக்கத்து லைனில் கரடி சமையல்கட்டுக் கதவை உடைத்து எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த வரிசையில் அத்தனை வீடு இருக்க அந்தக் கதவு ஏன்? அந்த அம்மா இன்னமும் ராத்திரி விளக்கை அணைப்பதில்லை. யாரும் கரடிக்கு ஃப்ளாஷ்பேக் கேட்கவில்லை.

பூம்பாறைப் பூண்டு

எண்ணெய் மணம்தான் காரணம். கரடிக்கு மோட்டிவ் உண்டு, வழக்கு தள்ளுபடி.

கேத்திப் பெரியவர்

தம்பிகளா, தங்கச்சி, மூடுபனியை நடுவில் இழுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டீர்கள். எனக்கு அது பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பாலு மகேந்திராவே ஒளிப்பதிவு. இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப், ஷோபாவைக் கடத்திக்கொண்டு ஊட்டிக்கு வருகிறான். அங்கே வைத்து அவனுக்குக் கையில் ஒரு கிடாரைக் கொடுத்து, யேசுதாஸ் குரலில் 'என் இனிய பொன் நிலாவே'. இன்றைக்கும் கல்யாண வீட்டுக் கச்சேரியில் பாடுகிறார்கள். பாடுபவன் யார், எதிரே இருக்கிறவள் எந்த நிலைமையில் இருக்கிறாள் என்று யாரும் யோசிப்பதில்லை. கொலைகாரனுக்கு இவ்வளவு நல்ல பாட்டைக் கொடுத்த படத்தை நான் வேறு எந்த மொழியிலும் பார்த்ததில்லை. தங்கச்சி சொன்ன குறை அதில் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு ஓடும்போது நமக்கு அவனைப் பிடித்துவிடுகிறது பாருங்கள், அப்புறம் நமக்கே நம் மேல் ஒரு கூச்சம் வருகிறது, அதை பாலு மகேந்திரா தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்பது என் எண்ணம். இரண்டாம் பாகம் என்று யாரும் கிளம்பவில்லை, நல்லவேளை.

இன்னொன்று பனி. சமவெளியிலிருந்து வந்து நம் ஊரில் பேய்ப்படம் எடுப்பவர்கள் எல்லோரும் புகை மிஷின் கொண்டு வருகிறார்கள். அந்தப் புகை தரையோடு தரையாக உருளும், வெள்ளையாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும். நிஜப் பனி அப்படியா வரும்? பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி வரும். முதலில் எதிர் மேட்டுத் தேயிலைத் தோட்டம் காணாமல் போகும், அப்புறம் ரோட்டோரத்து சில்வர் ஓக், அப்புறம் தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். புருவத்தில் ஈரம் தட்டும். சத்தம் குறையும், பக்கத்தில் வருகிற ஜீப் தூரத்தில் வருகிற மாதிரி கேட்கும். இதை வைத்து ஒரு படம் எடுத்தால் கத்தியே தேவையில்லை. அதை விட்டுவிட்டு பிரிட்டிஷ் காலத்துப் பங்களா, கம்பளி போர்த்திய வாட்ச்மேன், கையில் லாந்தர், 'அந்த ரூமுக்குள்ள மட்டும் போகாதீங்க சார்'. நானே ஒரு பங்களாவில் வாட்ச்மேனாக இருந்தவன். போகாதீங்க என்று சொன்ன ஒரே ரூம் ஸ்டோர் ரூம், கூரை ஒழுகும்.

கார்பென்டரும் இல்லாததை இருப்பதாகக் காட்டியவர்தான். கதை நடப்பது இலையுதிர் காலத்து இல்லினாய். எடுத்தது வசந்த காலத்துக் கலிஃபோர்னியாவில். காய்ந்த இலைக்குப் பெயின்ட் அடித்துத் தூவி, ஷாட் முடிந்ததும் பொறுக்கிச் சாக்கில் கட்டி, அடுத்த ஷாட்டுக்கு மறுபடி தூவினார்கள். ஓரத்தில் பனைமரம் மாதிரி எட்டிப் பார்க்கும், கவனித்தால் தெரியும். ஆனால் அவர் இலையோடு நின்றார். தெரு மட்டும் நிஜத் தெரு.

குன்னூர் பாசஞ்சர்

ஐயா, ஸ்டோர் ரூம் 😀

ஹாலோவீன் இசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்பென்டரே வாசித்தது. ஐந்து ஐந்தாக எண்ணுகிற தாளம், சின்ன வயதில் அவர் அப்பா போங்கோ மேளத்தில் சொல்லிக் கொடுத்தது. நமக்குக் கண்ட சாபு பழக்கம் என்பதால் கை தானாகத் தட்டப் போகும். அவர்களுக்கு நாலில் முடிய வேண்டியது முடியாமல் ஒன்று மிஞ்சி நிற்கிறது, அதில்தான் படபடப்பு. காரணம் இல்லாத பயத்துக்கு அந்த ஒரு மிச்சம் போதும் என்று கரடி சொல்வார், நானே சொல்லிவிட்டேன்.

வட்டக்கானல் வாசி

யாரும் கேட்காத ஒரு கேள்வி. அமெரிக்க ஸ்லாஷர் எழுதுபவர்களுக்கு ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் என்ன கோபம்?

ஃப்ரைடே ஐந்தாம் பாகத்தில் கொல்வது ஜேசன் இல்லை, ஜேசன் வேஷம் போட்ட ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர். ரசிகர்கள் கொதித்துப்போய் அடுத்த பாகத்தில் நிஜ ஜேசனைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஹாலோவீனில் 1998-ல் வந்த படத்தில் லாரி கோடாரியால் மைக்கேல் தலையைச் சீவிவிடுகிறாள். கச்சிதமான முடிவு, எழுந்து வீட்டுக்குப் போகலாம். 2002-ல் வந்த அடுத்த பாகம் என்ன சொன்னது தெரியுமா? அவள் வெட்டியது மைக்கேலை இல்லை, முகமூடி மாட்டிவிடப்பட்ட ஒரு ஆம்புலன்ஸ் ஊழியரை. தொண்டை நசுங்கியதால் அவரால் பேச முடியவில்லையாம். அந்த ஆளுக்குக் குடும்பம் உண்டு ஐயா! மஞ்சூர் அக்கா, பெயர் இல்லாமல் செத்தவர்கள் பட்டியலில் இந்த இருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 108-ல் வேலை பார்க்கிற என் மச்சான் இந்த இரண்டு படத்தையும் பார்க்கவே மாட்டேன் என்கிறான்.

மஞ்சூர் மழை

சேர்த்தாயிற்று. அந்த 2002 படத்தில் லாரியையும் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் கொன்று தள்ளிவிட்டார்கள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பூம்பாறைப் பூண்டு

கரடி அண்ணா, உங்கள் 'இங்கே பேய் மாறும், அங்கே கொலைகாரன் மாற மாட்டான்' கணக்கில் ஒரு ஓட்டை. ஸ்க்ரீம்.

வெஸ் க்ரேவன், 1996. அதில் முகமூடிதான் நிரந்தரம், உள்ளே இருக்கிற ஆள் ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு. முதல் நாலு பாகத்திலும் பிழைக்கிறவர்கள் அதே சிட்னி, அதே கேல், அதே டூயி. ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் முகமூடியைக் கழற்றி அரைமணி நேரம் 'நான் ஏன் செய்தேன் தெரியுமா' என்று பேசுகிறார்கள். அதாவது ஃப்ளாஷ்பேக். அதாவது வழக்கு. ஆகவே கனம் கோர்ட்டார் அவர்களே, ஸ்க்ரீம் என்பது காஞ்சனா. சிட்னி என்பவர் ராகவா லாரன்ஸ். இதை மறுக்க முடியுமா?

கூடவே இன்னொன்று. வரிசையாக எல்லாப் பாகமும் பார்க்கிற மாதிரி இருக்கிற ஒரே ஸ்லாஷர் தொடரும் அதுதான். மூன்றாவது மட்டும் கொஞ்சம் தொய்வு. நீங்கள் சொல்கிற காரணமில்லாத கொலைகாரன் ஒருவன்கூட அதில் இல்லை.

கோத்தகிரிக் கரடி

மறுக்க முடியவில்லை, பூண்டு. சிட்னி, லாரன்ஸ் இரண்டு பேரையும் ஒரே போஸ்டரில் கற்பனை செய்துவிட்டேன், இனி தூக்கம் வராது. ஆனால் கவனியுங்கள், ஸ்க்ரீமில் பயம் எப்போது? போன் அடிக்கும்போது. 'உனக்குப் பிடித்த பேய்ப்படம் எது' என்று கேட்கும்போது. முகமூடி கழன்று காரணம் பேச ஆரம்பித்ததும் பயம் போய், துப்பறியும் கதை முடிகிற திருப்திதான் மிச்சம். நல்ல திருப்திதான், இல்லையென்று சொல்லவில்லை. அது வேறு சரக்கு.

என் கட்சிக்குச் சாட்சி வேண்டுமானால் ஹாலோவீன் மூன்றாம் பாகத்தைக் (1982) கூப்பிடுகிறேன். அதில் மைக்கேல் மையர்ஸே கிடையாது. ஒரு முகமூடிக் கம்பெனி, டிவியில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு விளம்பரப் பாட்டு, குழந்தைகளைக் குறிவைக்கிற ஒரு கிழவர். ஒவ்வொரு வருடமும் ஹாலோவீன் இரவைச் சுற்றி ஒரு புதுக் கதை சொல்வோம் என்பதுதான் கார்பென்டர், டெப்ரா ஹில் இருவரின் திட்டம். ஜனங்கள் மைக்கேல் எங்கே என்று கேட்டுத் திட்டித் தீர்த்தார்கள். திட்டம் அங்கேயே குப்பைக்குப் போயிற்று. 1988-ல் வந்த நான்காம் பாகத்தின் பெயரிலேயே 'மைக்கேல் திரும்பி வந்தான்' என்று போட வேண்டியதாயிற்று.

நம்ம ஊரில் அதையே செய்து பார்த்தார்கள். பீட்சா (2012) ஓடிய ஓட்டத்துக்கு அதே கதையை இழுத்திருக்கலாம். பீட்சா இரண்டு, வில்லா (2013) என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு இயக்குநர், வேறு வீடு, வேறு கதை. அப்போதும் எங்கள் செட்டில் பாதிப்பேர் 'விஜய் சேதுபதி எங்கே' என்றுதான் கேட்டார்கள். வில்லா எனக்கு மிகவும் பிடிக்கும், முதல் பாகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகவே. அந்த வீட்டு ஓவியங்கள் வருகிற இடங்களை இன்னொரு தடவை ஹெட்போன் மாட்டிப் பாருங்கள். ரசிகன் கேட்பதைக் கொடுப்பதால்தான் சீக்வல் கெடுகிறது, ரசிகனே அதற்குப் பிறகு சீக்வல் கெட்டுவிட்டது என்று இங்கே வந்து எழுதுகிறான். என்னையும் சேர்த்துத்தான்.

குன்னூர் பாசஞ்சர்

சீக்வலில் காரணம் வைத்தும் ஜெயித்த ஒரு படம் சொல்கிறேன், அதற்குப் பதில் சொல்லுங்கள். சைக்கோ 2.

ஹிட்ச்காக் படம் 1960. இது 1983, ரிச்சர்ட் ஃப்ராங்க்ளின் இயக்கியது. அந்தோணி பெர்க்கின்ஸ் முதல் படத்தின் அதே கொலைகாரன் நார்மன் பேட்ஸாக, குணமாகிவிட்டான் என்று கோர்ட்டு சொல்லி வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். முதல் படத்தில் செத்தவளின் தங்கையாக வந்த வேரா மைல்ஸும் திரும்பி வருகிறார். அவனை விடுதலை செய்தது தப்பு என்று அவர் கத்துவது நியாயம்தானே? இந்தப் பக்கம் நார்மன் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு சாண்ட்விச்சை வெட்டுவதற்குக் கத்தியைக் கையில் எடுக்கத் தயங்குகிறான். கை நடுங்குகிறது. அந்த இடத்தில் எனக்கு அவனுக்காகப் பயம் வந்தது. அவன் மறுபடி கொல்வானோ என்பதல்ல, அவனைக் கொலைகாரனாக்கிவிடுவார்களோ என்று. எல்லாக் காரணமும் தெரிந்த பிறகும் பயம் இருக்கிறது.

கோத்தகிரிக் கரடி

அது ஸ்லாஷரே இல்லை, குடும்பப்படம் என்று தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் மாட்டேன். சைக்கோ 2 நல்ல படம். நார்மனுக்கு முதல் படத்திலேயே பேசத் தெரியும், சாண்ட்விச் போட்டுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தவன் அவன். பேசத் தெரிந்தவனுக்குக் கதை வளரும். மைக்கேல் பேசாதவன். பேசாதவன் வாயில் வசனத்தைத் திணிப்பதுதான் எனக்கு ஆகாது.

பழனி அடிவாரம்

நான் இந்தப் படங்கள் எதையும் பார்த்ததில்லை. பேய்ப்படம் என்றால் டிமான்ட்டி காலனி வரைதான். எதிலிருந்து ஆரம்பிக்க? தமிழ் டப்பிங் உண்டா?

வட்டக்கானல் வாசி

டப்பிங்கில் பார்க்காதீர்கள், ஜேசன் பேச மாட்டான், சுற்றி இருப்பவர்கள் பேசுவதைக் கேட்க முடியாது. ஃப்ரைடே ஆறாம் பாகத்தில் நேராக இறங்குங்கள். முந்தைய கதை ஒன்றும் தெரிய வேண்டாம்.

மஞ்சூர் மழை

அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஹாலோவீன் 1978, அடுத்து நேராக 2018. நடுவில் உள்ளதெல்லாம் நடக்கவே இல்லை என்று அந்தப் படமே சொல்கிறது. தங்கை என்பதெல்லாம் ஊர் கட்டிவிட்ட கதை என்று லாரியின் பேத்தி ஒரே வரியில் தள்ளிவிடுவாள். லாரியாக நடிக்கும் ஜேமி லீ கர்ட்டிஸ் நாற்பது வருடம் பயத்தோடு வாழ்ந்த ஒரு பெண்ணாக வருகிறார், வீட்டைக் கோட்டை மாதிரி கட்டி வைத்துக்கொண்டு, மகளோடு ஒட்டாமல். தப்பித்தவளுக்கு ஒரு வாழ்க்கை கொடுத்த சீக்வல் அது ஒன்றுதான் என்பேன். அதோடு நிறுத்திவிடுங்கள்.

கேத்திப் பெரியவர்

மூடுபனி பார்த்துவிட்டு அப்புறம் அமெரிக்கா போ தம்பி.

பூம்பாறைப் பூண்டு

2018-க்கு அப்புறம் இரண்டு பாகம் இருக்கிறதே. 2021, 2022. கடைசி வந்த 'எண்ட்ஸ்' பற்றி யாரும் வாய் திறக்கவில்லை?

கோத்தகிரிக் கரடி

திறக்கிறேன். அதில் மைக்கேல் சாக்கடைச் சுரங்கத்தில் சாய்ந்து கிடக்கிறான். கோரி என்று ஒரு பையன், தெரியாமல் நடந்த ஒரு சாவுக்காக ஊரே அவனைக் கொலைகாரன் என்கிறது, கடைசியில் அப்படியே ஆகிவிடுகிறான். ரசிகர்கள் எல்லோரும் காறித் துப்பினார்கள். மைக்கேல் வருவதே கொஞ்ச நேரம்தான். எனக்கு அதில் பாதிப் படம் பிடிக்கும். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அந்த வரிசையில் யாரோ வேறு ஒரு கதை சொல்லிப் பார்த்தார்கள்.

வட்டக்கானல் வாசி

அண்ணா, அந்தக் கோரிக்கு ஊர் திட்டியதுதான் காரணம். காரணம்! முதல் பதிவிலிருந்து நீங்கள் எதைத் திட்டினீர்களோ அதுவேதான்.

கோத்தகிரிக் கரடி

கோரிக்குக் காரணம் இருக்கலாம். மைக்கேலுக்குக் கூடாது. நான் சொன்னது மைக்கேலைப் பற்றி.

மஞ்சூர் மழை

வக்கீல் வாதம்.

வட்டக்கானல் வாசி

எண்ட்ஸைப் பிடிக்கும் என்று சொல்கிற முதல் ஆளை இன்றுதான் பார்க்கிறேன். எனக்குத் தாங்கவில்லை. லாரி சூப்பர் மார்க்கெட்டில் பூசணிக்காய் வாங்குகிற படத்துக்கா நான் காசு கொடுத்தேன்?

கேத்திப் பெரியவர்

படத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டு தம்பி.

வட்டக்கானல் வாசி

முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் ஐயா திட்டுகிறேன்.